சும்மா வீட்டில் இருந்த கிட்டார்

கொழும்பில் பழைய எலெக்ட்ரிக் கிட்டார் தேடி இக்மன் விளம்பரத் தளத்தையும் ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸையும் கிளறிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு வரி மனப்பாடம்: 'அதிகம் வாசிக்கவில்லை, வீட்டில் சும்மா இருந்தது.' சிங்களத்தில் வரும், ஆங்கிலத்தில் வரும், வெள்ளவத்தைக்காரர் போட்டால் தமிழிலும் வரும். நேரில் போனால் கதையும் கிடைக்கும். மகன் ஓ.எல். பரீட்சை எழுதிவிட்டு ஆசைப்பட்டுக் கேட்டான், கொஞ்ச நாள் வகுப்புக்குப் போனான், இப்போது மெல்பேர்னில் படிக்கிறான், கிட்டார் அலுமாரிக்கு மேலே கிடக்கிறது. "பாருங்க தம்பி, ஒரு கீறல் இல்ல" என்று அங்கிள் பையின் ஸிப்பை இழுப்பார். உண்மைதான், கீறல் இருக்காது. அந்தக் கீறலின்மைக்கு விலையில் ஒரு தொகை ஏற்றிக் கேட்பார்கள், கொடுத்து வாங்கவும் ஆள் இருக்கிறது. எனக்கு இந்தக் கணக்கு எப்போதும் இடித்துக்கொண்டே இருக்கிறது. கொழும்பில் சும்மா இருந்த கிட்டாருக்கு விலை ஏறக்கூடாது, சோதித்து முடியும்வரை இறங்கவேண்டும் என்பதுதான் என் கட்சி.

பழையதை ஏன் தேடவேண்டும் என்பதற்கு நீண்ட விளக்கம் வேண்டாம். ஃபென்டரின் அமெரிக்கன் புரொபஷனல் வரிசை ஸ்ட்ராட்டோகாஸ்டருக்கு அமெரிக்காவிலேயே 1,500 டொலருக்கு மேல். டொலர் 200 ரூபாயாக இருந்த 2021இல் அது மூன்று இலட்சம். 300 ரூபாய்க் கணக்கில் நாலரை இலட்சம். கப்பல் கூலியும் வரியும் தனி, 2024 ஜனவரியிலிருந்து வற் மட்டுமே 18 வீதம். மறுமுனையில், சின்ன அம்ப்ளிஃபயரும் (அம்ப்) பெல்ட்டும் கேபிளும் சேர்த்துப் பெட்டியில் வரும் பெயர் தெரியாத புதுக் கிட்டார்கள். அவற்றின் நெக்கும் (கம்பிகள் ஓடும் கழுத்து) டியூனரும் (கம்பி முறுக்கி) பெரும்பாலும் பெட்டியைப் பிரித்த நாளிலேயே வேலை வைக்கும். இரண்டுக்கும் நடுவில்தான் பழைய யமஹா பசிஃபிகா, ஸ்குவையர் (ஃபென்டரின் மலிவுப் பெயர்), எபிஃபோன், ஐபனெஸ் எல்லாம் கைமாறிக்கொண்டிருக்கின்றன. சரியாகப் பார்த்து எடுத்தால் பல வருடம் வேறு கிட்டாரே தேவைப்படாது. பெரும்பாலானவர்கள் முதலில் பார்ப்பது பெயின்ட்டை, அடுத்தது சத்தத்தை, கடைசியாக நெக்கை. நான் முதலில் துருவை, அடுத்து நெக்கை, கடைசியில் சத்தத்தைப் பார்க்கச் சொல்வேன்.

உப்பு எங்கே உட்காருகிறது

பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை என்று காலி வீதிக்குக் கடல் பக்கம் இருக்கும் வீடுகளில் ஜன்னல் கம்பி எவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கும் என்று அங்கே குடியிருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கிட்டார் பைக்குள் இருப்பதால் தப்பிவிடும் என்பது நம்பிக்கை மட்டும்தான். பையின் ஸ்பொஞ்ச் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். திறக்காத பைக்குள் அந்த ஈரம் போக வழியில்லை. கிட்டாருக்கு உகந்த காற்று ஈரப்பதம் 45 முதல் 55 வீதம் என்பார்கள். கொழும்பில் சாதாரண நாளிலேயே 70ஐத் தாண்டி நிற்கும். வாசிக்கிற கிட்டார் அடிக்கடி வெளியே வருகிறது, துணியால் துடைபடுகிறது, கம்பி மாறும்போது பிரிட்ஜில் (உடலில் கம்பிகளைத் தாங்கும் உலோகப் பகுதி) கை படுகிறது, குமிழ்கள் திரும்பிக்கொண்டே இருக்கின்றன. சும்மா இருந்ததற்கு இதில் ஒன்றும் நடப்பதில்லை. பையைத் திறந்தவுடன் பூஞ்சண வாடை அடித்தால் பெயின்ட் எவ்வளவு பளபளத்தாலும் நிதானமாகப் பாருங்கள்.

முதலில் பார்க்கவேண்டியது பிரிட்ஜில் உள்ள சேடில் (ஒவ்வொரு கம்பியும் உட்காரும் சிறு இருக்கை) ஸ்குரூக்கள். ஸ்ட்ராட் (ஸ்ட்ராட்டோகாஸ்டர்) வகையில் ஆறு சேடில், ஒவ்வொன்றுக்கும் உயரம் மாற்ற இரண்டு, ஆக 12 குட்டி ஸ்குரூ. ஆசியத் தயாரிப்புகளில் பெரும்பாலும் 1.5 மில்லிமீற்றர் ஆலன் கீ (அறுகோணத் திருகி) போகும், அமெரிக்கத் தயாரிப்பில் 0.05 அங்குலம். போனின் லைட்டைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். நல்ல ஸ்குரூவில் அறுகோணக் குழி கூர்மையாகத் தெரியும். கெட்டதில் குழிக்குள் தேயிலைத்தூள் நிறத்தில் பொடி அடைத்திருக்கும், கீ பாதிதான் இறங்கும், திருப்பினால் குழியின் மூலைகள் வழுவழுவென்று உருண்டுவிடும். அதற்குப் பிறகு அந்தக் கம்பியின் உயரம் நிரந்தரம். கம்பி உயரமாகவே நின்றுவிட்டால் வாசிக்கிறவரின் விரல்தான் அனுபவிக்கும். உயரத்துக்கு ஒரு கணக்கும் சொல்லிவிடுகிறேன்: 12ஆவது ஃப்ரெட்டுக்கும் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கோடு) கம்பியின் அடிக்கும் இடையே மெல்லிய ஈ (முதல்) கம்பியில் 1.6 மில்லிமீற்றர், தடித்த ஈ (ஆறாவது) கம்பியில் 2 மில்லிமீற்றர் அளவில் இருந்தால் சுகமாக வாசிக்கலாம்.

இறுகிய ஸ்குரூவோடு கிட்டாரின் மேல் வைத்துச் சண்டை பிடிக்கவேண்டாம். சேடிலைக் கழற்றி, பல்குத்தும் குச்சியின் நுனியால் ஒரு சொட்டு துருநீக்கி எண்ணெய் விட்டு ஓர் இரவு வையுங்கள். அசையாவிட்டால் சோல்டரிங் அயனின் முனையை ஸ்குரூவின் தலையில் கொஞ்ச நேரம் வைத்துச் சூடாக்கி மறுபடி முயலுங்கள். அதற்கும் மசியாவிட்டால் சேடில் செட்டையே மாற்றவேண்டும். ஓடர் கொடுக்குமுன் முதல் கம்பியின் நடுவிலிருந்து ஆறாவது கம்பியின் நடுவரை அளந்துகொள்ளுங்கள். மொடலைப் பொறுத்து 52இலிருந்து 56 மில்லிமீற்றர் வரை வரும். 'ஸ்ட்ராட் சேடில்' என்று மட்டும் கேட்டு வாங்கினால் பொருந்தாமல் போக நிறைய வாய்ப்பு. பிரிட்ஜின் அடியில் வரும் உலோகக் கட்டியை மாற்ற நினைக்கிறவர்கள் இன்னொன்றையும் பார்க்கவேண்டும்: ஸ்குவையர் அஃபினிட்டி போன்ற சிலவற்றின் உடல் வழக்கமான 45 மில்லிமீற்றர் தடிப்பைவிட மெல்லியது. முழு அளவுக் கட்டி பின்பக்கம் வெளியே துருத்தும்.

ஃப்ரெட் பச்சையாகவோ மங்கலாகவோ இருந்தால் பயப்படாதீர்கள். பெரும்பாலானவை நிக்கல் சில்வர், துருப்பிடிக்காது. மிக நுண்ணிய ஸ்டீல் வூலால் தேய்த்தால் பளிச்சென்று வரும். ஆனால் தேய்க்குமுன் பிக்அப்களை (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்கள்) மாஸ்கிங் டேப்பால் மூடவேண்டும், இல்லாவிட்டால் இரும்புத் துகளை அதன் காந்தம் இழுத்துவிடும், பிறகு எடுப்பது பெரும்பாடு.

அங்கிளிடம் கேட்கவேண்டிய அனுமதி

இனி நெக். வியாபாரம் முடிவாகிற இடம் இதுதான். ஹெட்ஸ்டொக்கை (நெக்கின் தலைப்பகுதி) முகத்துக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடி, நெக்கின் இரண்டு ஓரங்களையும் உடல்வரை பாருங்கள். இரண்டு ஓரமும் ஒரே மாதிரி வளைந்தால் பரவாயில்லை. ஒன்று நேராகவும் மற்றது வளைந்தும் தெரிந்தால் நெக் முறுக்கிக்கொண்டிருக்கிறது. முறுக்கலுக்கு வீட்டு வைத்தியம் கிடையாது, நன்றி சொல்லிவிட்டு எழுந்துவிடுங்கள். கடைசி ஐந்தாறு ஃப்ரெட்டுகள் மட்டும் மேல்நோக்கி ஏறுகின்றனவா என்றும் பாருங்கள். அப்படி ஏறினால் மேல் பகுதியில் கம்பியை வளைக்கும்போது சத்தம் செத்துப்போகும்.

அடுத்து வளைவின் அளவு. ஆறாவது கம்பியை முதல் ஃப்ரெட்டில் இடது கையாலும், நெக் உடலோடு சேரும் ஃப்ரெட்டில் வலது கையாலும் அழுத்துங்கள். இப்போது கம்பியே அடிமட்டம். ஏழாவது, எட்டாவது ஃப்ரெட்டின் மேல் கம்பிக்கு அடியில் 0.25 மில்லிமீற்றர் இடைவெளி இருந்தால் சரி. பஞ்சிகாவத்தையில் வாகன உதிரிப்பாகக் கடைகளில் வால்வு இடைவெளி பார்க்கும் ஃபீலர் கேஜ் கிடைக்கும், அதன் 0.25 தகடு போதும். கேஜ் இல்லாவிட்டால் ஒரு விசிட்டிங் கார்டை நுழைத்துப் பாருங்கள். தாராளமாக ஆடினால் நெக் முன்னால் வளைந்திருக்கிறது. இடைவெளியே இல்லாவிட்டால் பின்னால் வளைந்திருக்கிறது.

வளைந்திருப்பது குற்றமில்லை. கேள்வி, அதைத் திருப்பலாமா என்பது. வழக்கமான 10-46 கம்பி செட் முழுச் சுருதியில் ஏறத்தாழ 46 கிலோ இழுவையில் நெக்கை இழுத்துக்கொண்டே இருக்கிறது. அதை எதிர்த்து நிற்பது நெக்குக்குள் ஓடும் ட்ரஸ் ரொட் என்ற உருக்குக் கம்பி. சும்மா இருந்த கிட்டாரில் நடப்பது இதுதான்: கம்பியைத் தளர்த்தாமல் அலுமாரிமேல் போட்டுவிடுவார்கள், வருடக்கணக்கில் இழுவை தொடரும், ட்ரஸ் ரொட்டை யாரும் தொடமாட்டார்கள், அதன் நட்டும் இதற்குள் இறுகிப்போகும். மாதாமாதம் வாசிக்கிற ஒருவர் கம்பி உயர்வதை விரலால் உணர்ந்து எப்போதாவது கால் சுற்று திருகியிருப்பார்.

ஆகவே கேளுங்கள்: "அங்கிள், இந்த நட்டைக் கொஞ்சம் திருப்பிப் பார்க்கலாமா?" பதில் பெரும்பாலும், "ஐயோ தம்பி, அதுல கை வைக்காதீங்க, உடைஞ்சிரும்." அவர் பயம் நியாயமானது. நெக்கைப் பற்றித் தெரியாதவர் முன்னால் முன்பின் தெரியாத ஒருவர் கீயோடு உட்கார்ந்தால் யாருக்கும் நடுங்கும். முதலில் தளர்த்தும் பக்கம்தான், அதுவும் கடிகாரத்தின் கால் மணி அளவுகூடத் திருப்பமாட்டேன் என்று சொல்லுங்கள். சரியான அளவு கீயை முழுதாக இறக்கி, இடப்பக்கமாக எட்டில் ஒரு சுற்று. அசைந்ததும் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து வலப்பக்கமாக இன்னொரு எட்டில் ஒரு சுற்று. வெண்ணெயில் கத்தி போல வேண்டாம், ஆனால் எதிர்ப்பு ஒரே சீராக இருக்கவேண்டும். இடைவெளியும் கொஞ்சம் குறையவேண்டும். நட் எந்த எதிர்ப்பும் இல்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் ரொட் அறுந்திருக்கலாம். கல்லாக நின்றால் இறுகியோ கடைசிவரை முறுக்கப்பட்டோ இருக்கிறது. கடைசிவரை முறுக்கியும் நெக் இன்னும் முன்னால் வளைந்திருந்தால் அந்தக் கிட்டாருக்கு இனி இறங்கும் திசை மட்டும்தான்.

அனுமதி கிடைக்கவே இல்லையென்றால்? ட்ரஸ் ரொட் வேலை செய்யாது என்று எடுத்துக்கொண்டு விலை சொல்லுங்கள். இதில் தயக்கம் வேண்டாம். அந்த விலைக்கு அவர் சம்மதிக்கமாட்டார், நீங்களும் வேறு கிட்டார் பார்க்கலாம். எல்லைக்கு அருகில் நிற்கும் ரொட்டோடு ஒன்று மிகவும் பிடித்துப்போனால் ஒரு வழி உண்டு: 10-46க்குப் பதில் 9-42 கம்பி போட்டால் இழுவை ஏறத்தாழ 38 கிலோவாக இறங்கும். அந்த எட்டுக் கிலோ நெக்குக்குப் பெரிய நிம்மதி.

கிப்சன், எபிஃபோன் லெஸ் பால் வகை என்றால் இன்னொரு இடம். அவற்றின் ஹெட்ஸ்டொக் பின்னோக்கிச் சாய்ந்தது, ட்ரஸ் ரொட் நட்டுக்காக அதே இடத்தில் மரத்தைக் குடைந்தும் இருப்பார்கள். ஸ்டாண்டோடு பின்னால் விழுந்தால் அங்கேதான் உடையும். நட்டுக்குப் பின்னால், நெக்கின் அடிப்பக்கம், லைட்டைக் கிடையாகப் பிடித்து முடியளவு கோடு தெரிகிறதா என்று பாருங்கள், நகத்தாலும் தடவுங்கள். நன்றாக ஒட்டிய உடைவு பல வருடம் தாங்கும், ஆனால் ஒட்டிய கிட்டாருக்கு ஒட்டிய விலை. ஃபென்டர் வகை நேரான ஹெட்ஸ்டொக்கில் இந்தக் கவலை குறைவு.

வாசித்த கிட்டாரின் வியாதிகள்

வாசித்ததுதான் நல்லது என்று கண்ணை மூடிச் சொல்லவில்லை. அதற்கும் வியாதி உண்டு, ஆனால் கண்ணுக்குத் தெரிகிற வியாதி. முதல் மூன்று ஃப்ரெட்டில், மெல்லிய கம்பிகளுக்கு அடியில், பள்ளம் விழுந்திருக்கும். புது ஃப்ரெட்டின் உயரம் ஒரு மில்லிமீற்றருக்குச் சற்று மேலே இருக்கும். பள்ளம் ஆழமில்லை என்றால் எல்லா ஃப்ரெட்டையும் சமமாக அராவி மறுபடி உருட்டிவிடலாம். 0.6க்குக் கீழே போயிருந்தால் அராவ மிச்சமில்லை, ஃப்ரெட் முழுவதையும் மாற்றவேண்டும், அந்தக் கூலி ஒரு மலிவுக் கிட்டாரின் விலையில் பெரும் பங்கைத் தின்றுவிடும். ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் அம்ப் இல்லாமல் வாசித்துப் பாருங்கள். சலிப்பான வேலைதான், செய்யுங்கள். ஒரு இடத்தில் மட்டும் இரைந்தால், வங்கி அட்டையின் ஓரத்தை மூன்று ஃப்ரெட்டின் மேல் மட்டும் படும்படி நிறுத்தி ஆட்டுங்கள். ஆடினால் நடு ஃப்ரெட் எழும்பியிருக்கிறது. ஆறு கம்பியும் எல்லா இடத்திலும் இரைந்தால் பெரும்பாலும் அது ஃப்ரெட்டின் குற்றமில்லை, நெக் வளைவைச் சரிசெய்தாலே அடங்கும்.

தேவாலயத்திலும் கல்யாண வீட்டு பேண்டிலும் உழைத்த கிட்டார்களில் ஜக் (கேபிள் செருகும் துளை) தளர்ந்திருக்கும், பெல்ட் மாட்டும் பொத்தானின் துளை பெரிதாகியிருக்கும், பெயின்ட் அடிபட்டிருக்கும். தளர்ந்த ஜக்கை வெளியிலிருந்து நட்டை மட்டும் முறுக்கினால் உள்ளே ஜக் சேர்ந்து சுழன்று வயரை அறுக்கும், தகட்டைக் கழற்றி உள்ளே பிடித்துக்கொண்டுதான் இறுக்கவேண்டும். பொத்தான் துளைக்குத் தீக்குச்சியும் மரப்பசையும் போதும். விலை பேசத்தான் இவை உதவும், வாங்காமல் விடக் காரணமில்லை.

சத்தம் கடைசியில்

அம்பில் மாட்டியதும் கரகரவென்று சத்தம் வந்தால் பலர் முகம் சுளித்து எழுந்துவிடுகிறார்கள். நான் உள்ளூரச் சந்தோஷப்படுகிற இடம் இது. மலிவாகத் திருத்தக்கூடிய பகுதி மின் பகுதிதான். கரகரக்கும் குமிழுக்குள் கொன்டாக்ட் கிளீனர் அடித்து இருபது முப்பது தரம் முன்னும் பின்னும் சுழற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். சாதாரண டபிள்யூ.டி. 40 அடிக்காதீர்கள், பசை தங்கும். கிளீனரும் புதுப் பொட்டும் (குமிழுக்கு அடியிலுள்ள பொட்டென்ஷியோமீட்டர்) சுவிட்சும் புறக்கோட்டையில் எலெக்ட்ரோனிக்ஸ் கடைகளில் தேடினால் கிடைக்கும். ஒற்றைச் சுருள் பிக்அப்பான சிங்கிள் கொயிலுக்கு 250 கிலோ ஓம் பொட், இரட்டைச் சுருள் ஹம்பக்கருக்கு 500 என்று கேளுங்கள்.

பிக்அப் உயிரோடு இருக்கிறதா என்று அறிய அம்ப்கூட வேண்டாம். கேபிளைக் கிட்டாரில் செருகி, குமிழ்களை முழுதாகத் திறந்து, மறுமுனையின் நுனியிலும் உடலிலும் மல்டிமீட்டரை வைத்து ஓம் பாருங்கள். ஸ்ட்ராட் வகை சிங்கிள் கொயில் 5.5 முதல் 7 கிலோ ஓம் வரை காட்டும். இரண்டு பிக்அப் சேரும் சுவிட்ச் நிலையில் அதன் பாதியளவு. ஹம்பக்கர் 7.5இலிருந்து 9 வரை, கூடிய சத்தம் தரும் வகைகள் அதற்கும் மேல். ஒரு நிலையில் மட்டும் 250 அல்லது 500 கிலோ ஓம் அளவு காட்டினால் நீங்கள் அளப்பது வொல்யூம் பொட்டை, அந்த பிக்அப் கொயில் அறுந்திருக்கிறது அல்லது அதன் வயர் விட்டுப்போயிருக்கிறது. வயர் என்றால் சோல்டர் ஒரு சொட்டு. கொயில் என்றால் புது பிக்அப்.

இரைச்சலையும் பிரித்துப் பார்க்கவேண்டும். சிங்கிள் கொயில் நம் 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தின் ஹம்மை இழுக்கத்தான் செய்யும். கம்பியைத் தொட்டதும் குறைந்தால் எல்லாம் சரி. தொட்டாலும் மாறாவிட்டால் பிரிட்ஜுக்குப் போகும் எர்த் வயர் விட்டிருக்கிறது. தொட்டதும் கூடினால் ஜக்கில் இரண்டு வயரும் இடம் மாறியிருக்கலாம். கொட்டாஞ்சேனைப் பக்கப் பழைய வீடுகளில் பிளக்கில் மூன்று முனை இருந்தும் சுவருக்குள் எர்த் இல்லாமல் இருப்பதுண்டு, அப்போது கிட்டாரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. கம்பியிலிருந்து கையில் சுருக்கென்று அடித்தால் உடனே நிறுத்துங்கள், அது விளையாட்டில்லை.

பெயரும் இலக்கமும்

எதைத் தேடலாம் என்று கேட்டால், முதலில் யமஹா பசிஃபிகா 112 என்பேன். இரண்டு சிங்கிள் கொயில், ஒரு ஹம்பக்கர், ஆல்டர் மர உடல், நெக் பெரும்பாலும் நம்பகமானது. 112வி என்றால் ஹம்பக்கரைச் சிங்கிள் கொயிலாகவும் மாற்றலாம். 012 அதைவிட ஒரு படி கீழே, விலையும் அப்படி இருக்கவேண்டும். ஸ்குவையரில் கிளாசிக் வைப் கிடைத்தால் விடாதீர்கள். ஹெட்ஸ்டொக்கில் ஐ.சி.எஸ். என்று தொடங்கும் இலக்கம் இருந்தால் அது இந்தோனேசியாவில் கோர்டெக் தொழிற்சாலையில் செய்தது, அடுத்த இரண்டு இலக்கம் வருடம். 'இரண்டு வருசத்துக்கு முந்தி வாங்கினது' என்பதற்கும் இலக்கத்துக்கும் பத்து வருட வித்தியாசம் இருந்தால் பேச்சை அங்கிருந்து தொடங்கலாம். புது ஸ்குவையர்கள் சிலவற்றில் விரல்பலகை ரோஸ்வுட் அல்ல, இந்தியன் லோரல், தமிழில் கருமருது. 2017இல் ரோஸ்வுட் இனங்களின் சர்வதேச வியாபாரத்துக்கு வந்த கட்டுப்பாட்டையொட்டித்தான் இது பரவியது. இசைக்கருவிகளுக்கு 2019இல் விலக்குக் கிடைத்தும் மரம் அப்படியே நின்றுவிட்டது. சத்தத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை, நிறம் கொஞ்சம் வெளிறியிருக்கும்.

நம்பமுடியாத விலைக்குக் கிப்சன் வந்தால் ட்ரஸ் ரொட் மூடியைப் பாருங்கள். கிப்சனில் இரண்டு ஸ்குரூ, போலிகளில் பெரும்பாலும் மூன்று. விலை கூடிய ஃபென்டர் என்றால் குமிழ்கள் இருக்கும் முன்பக்கத் தகட்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். உள்ளே பெரிய பொட்டுகளுக்குப் பதில் 16 மில்லிமீற்றர் குட்டிப் பொட்டுகள் இருந்தால், ஒட்டியிருக்கும் பெயரை மறந்துவிட்டு ஸ்குவையர் விலையில் பேசுங்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் கம்பியை மாற்றுங்கள். ஒன்றொன்றாக மாற்றாமல் ஆறையும் கழற்றி, சேடில் ஸ்குரூக்களுக்கு எண்ணெய் தொட்டு, விரல்பலகையைத் துடைத்துப் பிறகு புதுக் கம்பி ஏற்றலாம். நெக்கை உடனே சரிசெய்யவேண்டாம், முழுச் சுருதியில் ஒரு நாள் நிற்க விடுங்கள். கிட்டார் இருக்கும் அறையில் இரவு முழுக்க ஏ.சி., பகலில் திறந்த ஜன்னல் என்றால் நெக் அங்குமிங்கும் நகர்ந்துகொண்டே இருக்கும். அப்படியான வீட்டில் ஏ.சி. இல்லாத அறை மேல், கடல் பக்கச் சுவரை மட்டும் தவிருங்கள். அம்பையும் பழையதாக எடுப்பவர்கள் பின்பக்கத் தகட்டை வாசித்துவிட்டுக் காசு கொடுங்கள். ஜப்பானிலிருந்து வந்தது என்றால் 100 வோல்ட் என்று எழுதியிருக்கும், நம் 230இல் நேரே செருகினால் முதல் நொடியிலேயே பியூஸோ ட்ரான்ஸ்ஃபோமரோ போகும். 100 வோல்ட்டுக்கு இறக்கும் ஸ்டெப் டவுன் ஒன்றின் விலையை விசாரித்து, அதை அம்பின் விலையிலிருந்து கழித்துப் பேசுங்கள்.